நீல மீனுக்கு ஒரு ஜோடி

அன்று காலையிலும் நீல மீன் நுரை கட்டியிருந்தது.

தொட்டியின் மூலையில், வேலம்பாசியின் நுனி தண்ணீர்மட்டத்தைத் தொட்டு மடங்கும் இடத்தில், வெந்த ஜவ்வரிசியை ஒட்டவைத்த மாதிரி குட்டிக் குட்டிக் குமிழிகள். பங்கஜம் கண்ணாடியருகே குனிந்து பார்த்தாள். மீன் மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்தது. அதைக் குமிழியாக்கிக் கூட்டில் ஒட்டியது. இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி மேலே போனது.

"யாருக்குலே இம்புட்டுக் கட்டுத?" என்று கேட்டாள்.

இந்த வீட்டில் அவள் தன் மனசிலிருப்பதைப் பேசுவது அந்த மீனிடம்தான். மற்றவர்களிடம் பேசுவதெல்லாம் சோறு, குழம்பு, சலவைக்காரன் சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

ஆண் மீன்தான் கூடு கட்டும், பெண் வந்து முட்டை போட்டால் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி அந்த நுரைக்குள் வைத்துக் காக்கும் என்று அவள் புருஷன் கணேசமூர்த்தி சொல்லியிருக்கிறான். பெண் வராவிட்டாலும் கட்டிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த வேடிக்கை இல்லை.

கணேசமூர்த்தி வீட்டை விட்டுப் போன கதை இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து இந்த ஓர் இதழை மட்டும் இரவல் வாங்கி வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாம்பலம் உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கல்லாவில் அண்ணன் சண்முகவேல். கடை வாசலில் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் பெயரைப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பவன் தம்பி கணேசமூர்த்தி. அம்புஜம் என்ற கல்யாணப் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் முழுவதற்கும் பெயர் வெட்டச் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷன், ஏதோ நினைப்பில் அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் பங்கஜம், பங்கஜம் என்று தன் பெண்டாட்டி பெயரையே வெட்டித் தள்ளிவிட்டான். பெண் வீட்டார் கடையிலேயே சிரித்தார்கள். அண்ணனுக்கு மானம் போயிற்று. அத்தனை பேருக்கும் முன்னால் தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். தம்பி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினவன்தான், வீட்டுக்குக்கூட வரவில்லை. அது போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகை.

வேறு பெயர் வெட்டிய பாத்திரத்தை யார் வாங்குவார்கள்? எல்லாம் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பங்கஜம் எந்தச் சொம்பை எடுத்தாலும், எந்தத் தட்டைக் கழுவினாலும் அதில் அவள் பெயர். பிறந்த வீட்டில் இவ்வளவு சீர் செய்தார்களா என்று வந்து போகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

தொட்டியும் அவன் கைவேலைதான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஆற்று மணல் பரப்பி, வேலம்பாசி நட்டான். செடி மிதந்து வந்துவிடாமல் இருக்க, கடையில் வீணாகிற எவர்சில்வர் துண்டில் வேரை நூலால் கட்டி மணலில் புதைப்பான். அந்தத் துண்டுகளில்தான் அவன் எழுத்துப் பழகியதும். புள்ளி புள்ளியாக வெட்டுகிற எழுத்தில் மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி எங்கே தெரியும்? அதுவும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். அதனால் கணேசமூர்த்தி அந்த இடத்தில் கடுகளவுக்கு ஒரு வட்டம் போடுவான். உஸ்மான் ரோட்டில் பெயர் வெட்டுகிற வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

மாடிப்படியில் மூச்சிரைப்பு கேட்டது. முழங்கால் வலிக்கார மாமியார் இசக்கியம்மாள் மாடி ஏறி வருகிறாள் என்றால் சும்மா வரமாட்டாள்.

"ஏட்டி பங்கஜம், இன்னும் விரிப்பு மாத்தலையா? வடபழனிக்காரவிய மத்தியானத்துக்கு மேல வந்துருவாவ."

"மாத்திருதேன் அத்தை."

இசக்கியம்மாளின் கடைசி மகன் வெள்ளைச்சாமிக்கு வடபழனியில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர் மகள் தங்கபுஷ்பத்தைப் பேசியிருக்கிறது. பெண் பார்த்தாயிற்று. இன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

இசக்கியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "பொண்ணோட அம்மைக்காரி தேவானை இருக்காளே, லேசுப்பட்டவ இல்ல. எம்மவ எந்த ரூமுல இருப்பான்னு மொகத்துக்கு நேரா கேக்கா. மேல் ரூமுன்னு சொல்லிட்டேன்."

பங்கஜம் விரிப்பை உதறிய கையை நிறுத்தினாள்.

"கணேசன் பம்பாயில சரக்கு எடுக்கப் போனவன் அங்கயே கிளை போட்டு இருக்கப் போறான், ரூமு சும்மாதான் கெடக்குன்னு சொல்லியாச்சு. நீ கீழ என் பக்கத்துல படுத்துக்கோ."

"நான் இருக்கேனே அத்தை. சும்மா கெடக்குன்னா எப்படி?"

"ஒத்தை ஆளுக்கு எதுக்குட்டி ஒரு ரூமு?"

பம்பாய் என்பது இசக்கியம்மாள் கண்டுபிடித்த பம்பாய். அண்ணன் அடித்துத் தம்பி ஓடிப்போனான் என்று சம்பந்தக்காரர்களிடம் சொல்ல முடியுமா? எவர்சில்வர் சரக்கு பம்பாயிலிருந்துதான் வருகிறது. மகனையும் அந்தப் பக்கமாக அனுப்பிவிட்டாள். சொல்லிச் சொல்லி இப்போது அவளே பாதி நம்புகிறாள்.

"இன்னிக்கு அவிய கெளம்பும்போது வெத்தலைத் தட்டுல ரூம் சாவியையும் வச்சு நீயே கொண்டாந்து குடு. பொண்ணோட அம்மா கண்ணுல படட்டும். உன் கையால குடுத்தேன்னா பின்னால யாரும் ஒரு பேச்சுப் பேச முடியாது."

பங்கஜம் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்த அறையில் அவன் சட்டைகள் கொடியில் தொங்குகின்றன. அவன் தொட்டி இருக்கிறது. என்றைக்காவது மனசு மாறி வந்தால் நேரே ஏறி வர ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அந்தச் சாவியைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பதும், இனி அவன் வரமாட்டான் என்று தன் வாயால் சொல்வதும் ஒன்றுதான்.

"இன்னொண்ணு, அந்த மீனு" என்றாள் இசக்கியம்மாள். "புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கப் போற ரூமுல ஒத்தை மீனு என்னத்துக்கு? ஒத்தையில கெடக்கதுக்கு இந்த வீட்டுல நீ ஒருத்தி போதும்."

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். குரலை இறக்கினாள். "வேலைக்கு வார செண்பகத்துக்கிட்ட சொல்லிருக்கேன். அவ இருக்க சைதாப்பேட்டை மார்க்கெட்டுல விக்குதாம். பொட்டை மீனா ஒண்ணு வாங்கிட்டு வருவா."

"இது சண்டை மீனு அத்தை. கூட இன்னொண்ணு இருந்தா ஆகாது."

"ஆம்பளையும் ஆம்பளையும்னாத்தான் சண்டை போடும். பொட்டை வந்தா எதுக்குட்டி போடப் போவுது?"

"அப்படின்னாலும் உடனே உள்ள விடக்கூடாதுன்னு அவிய சொல்லுவாவ. பாட்டிலோட பக்கத்துல வச்சுப் பழக்கணும். வந்ததும் எங்கிட்டக் குடுங்க."

"சரி சரி" என்று இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பங்கஜம் தொட்டியைப் பார்த்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மனசின் ஒரு மூலையில் சின்ன ஆசையும் தலைகாட்டியது. இத்தனை நாள் கட்டிய கூட்டுக்கு ஒருத்தி வந்தால் வரட்டுமே. வீட்டில் ஒரு ஜீவனுக்காவது காத்திருந்ததற்குப் பலன் கிடைக்கட்டுமே.

அவள் இறங்கியபோது படியில் வெள்ளைச்சாமி புது நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். அண்ணியைப் பார்த்ததும் நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு நின்றான்.

"மைனி, எனக்கு இந்த ரூமு வேண்டாம்னுதான் சொன்னேன். அம்மா கேக்க மாட்டேங்கா."

"உங்க அண்ணன் வந்தா எங்க தங்குவாவன்னு கேட்டீங்களா?"

வெள்ளைச்சாமி நாற்காலியின் கையைத் தடவினான். "அண்ணன் வருவாங்களா மைனி?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் பங்கஜத்துக்கு அது அவ்வளவு வலித்தது.

மத்தியானம் பங்கஜம் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது செண்பகம் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்தாள். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருக்கிறவள். கணேசமூர்த்தி போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், அவனைப் பார்த்தது கிடையாது. கை வெறுங்கையாக இருந்தது.

"மீனு எங்க செண்பகம்?"

"பெரிம்மா வாங்கிகினு மேல பூட்டாங்கமா. சோக்கா கீது. செவசெவன்னு, வாலு தரையில பொரள்ற மாதிரி."

"செவப்பா?" பங்கஜம் திரும்பினாள். "பொட்டை மீனுதான கேட்ட?"

"அத்தத்தான் கேட்டேன். மீன்கார பொன்னுரங்கம் எட்த்துக் காட்னான். அய்ய, அது இன்னாமா, சாயம் போன துணி கணக்கா, வாலும் இல்லாத கீலும் இல்லாத. பெரிம்மா இன்னா சொல்லி அனுப்பினாங்க? சம்பந்தக்காரங்க பாக்கறது, கல்யாணப் பொண்ணு மாதிரி செவப்பா, லட்சணமா வாங்கியான்னாங்க. அதான் அத்த வச்சிட்டு இத்த வாங்கியாந்தேன்."

நம் வீடுகளில் சிவப்புப் பட்டுக் கட்டி வருகிறவள் பெண். மீன் சாதியில் பட்டுக் கட்டுகிறவன் மாப்பிள்ளை என்பது இசக்கியம்மாளுக்கும் தெரியாது, செண்பகத்துக்கும் தெரியாது.

பங்கஜம் வாணலியை இறக்கிவைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றுவிட்டது. சண்முகவேல் "வாங்க, வாங்க" என்று எதிர்கொண்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த இசக்கியம்மாளின் கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது.

"அத்தை, மீனை உள்ள விட்டுட்டீங்களா?"

"பாட்டிலோட பாத்தா நல்லாவா இருக்கும்? போ, காப்பி கொண்டா."

வந்தவர்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் பேச முடியவில்லை. பங்கஜம் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது தேவானையும் அவள் கணவரும், கூடவே சண்முகவேலும் இசக்கியம்மாளும் அறைக்குள் நின்றிருந்தார்கள். தேவானை ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய ஆண்பிள்ளைச் சட்டைகளையும் பார்த்தாள். பிறகு தொட்டியின் பக்கம் வந்தாள்.

"ஜோடி மீனா? நல்லாருக்கே."

"வெள்ளைச்சாமிக்கும் உங்க பொண்ணுக்கும்னு வச்ச மாதிரி" என்றாள் இசக்கியம்மாள்.

சிவப்பு மீன் செடிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. கூட்டின் கீழே நின்ற நீல மீன் அதைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் செவுள் இரண்டையும் விரித்தது, கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகத் தாடி முளைத்த மாதிரி இருந்தது. உடம்பின் நீலம் இரண்டு மடங்காயிற்று.

"பாத்தீங்களா, பொண்ணைக் கண்டதும் மாப்பிள்ளைக்கு வந்த மினுக்கை" என்றாள் இசக்கியம்மாள்.

சொல்லி வாயை மூடவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு புரண்டன. மணல் கலங்கியது. சிவப்பு வாலில் ஒரு துண்டு கிழிந்து மேலே மிதந்து வந்தது, பின்னாலேயே ஒரு நீலத் துண்டு. வால் அடித்த அடியில் நுரைக்கூடு சிதறித் தொட்டி முழுவதும் பரவியது. தேவானை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பங்கஜம் காப்பித் தட்டைக் கட்டிலின்மேல் வைத்தாள். குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த சொம்பை எடுத்து ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு, பட்டுப் புடவை நனைவதைப் பார்க்காமல் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். நீலத்தை இடது கையால் ஒதுக்கி, சிவப்பைச் சொம்பில் மொண்டு எடுத்தாள்.

"ரெண்டும் ஆண் மீனாட்டம் இருக்கு" என்றார் தேவானையின் கணவர்.

தேவானையின் கண் சொம்பில் நின்றது. "பங்கஜம். உங்க பேரா? அழகா வெட்டியிருக்கே. யாரு வெட்டினது?"

"அவிய."

"பம்பாயில இருக்காவளே, அவியளா? கொடியில சட்டையெல்லாம் அப்படியே கெடக்கே. உங்களைக் கூட்டிட்டுப் போகலையா?"

"கூட்டிட்டுப் போவான், போவான்" என்று சண்முகவேல் குறுக்கே வந்தார். "வாங்க, கீழ போயி பலகாரம் சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

எல்லோரும் இறங்கினார்கள். இசக்கியம்மாள் கடைசியாக, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள்.

பங்கஜம் சொம்பை மேஜைமேல் வைத்து ஒரு தட்டால் பாதி மூடினாள். இந்த மீனுக்கு மேலே வந்து மூச்சு விட இடம் வேண்டும், முழுக்க மூடினால் செத்துவிடும். தொட்டியில் நீல மீன் கிழிந்த வாலோடு மூலைக்குப் போயிற்று. கூடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்து, ஒரே ஒரு குமிழியை விட்டது. பங்கஜத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உனக்காவது வால் மறுபடி முளைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மணல்மேல் அவள் நடாத ஒரு செடி கிடந்தது. பாட்டிலைக் கவிழ்த்தபோது மீனோடு விழுந்திருக்க வேண்டும். வேலம்பாசிக் கொத்துதான். வேரில் நூல் சுற்றியிருந்தது. நூலின் கீழே என்னவோ பளபளத்தது.

எடுத்தாள். எவர்சில்வர் துண்டு.

நூலுக்கு வெளியே கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. ஜ. பக்கத்தில் ம். அந்த ம்மின் தலையில் கடுகளவுக்கு ஒரு வட்டம்.

பங்கஜம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த வட்டம் போடுகிற கை உலகத்தில் ஒன்றுதான். ஆனால் ஜம் என்று முடிகிற பெயர் ஒன்று இல்லை என்பதை இந்தக் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. அம்புஜமும் ஜம்தான். அன்றைய சீர்வரிசைக்கு முன்னால் வெட்டிப் பழகிய பழைய துண்டாக இருக்கலாம். எப்படியோ கைமாறி மீன்கடைக்குப் போயிருக்கலாம். நூலைப் பிரித்தால் தெரிந்துவிடும். பிரிக்கப் பயமாக இருந்தது.

துண்டைக் கையில் மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். செண்பகம் காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செண்பகம், அந்தப் பாட்டில்ல ஒரு செடி இருந்துச்சே. மீன்காரன் குடுத்தானா?"

"அவன் எங்க குடுத்தான்? கடையாண்ட ஒருத்தரு குந்திகினு பாத்திரத்துல பேரு வெட்டிகினு இருந்தாரு. அவருதான் குடுத்தாரு. நெட்டையா, ஒல்லியா. யாராண்டயும் பேச மாட்டாராம். நான் மீன வாங்கிகினு கெளம்பறேன், எந்த ஊட்டுக்குன்னு கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேன். மாம்பலத்துல எவர்சில்வர் கடைக்காரர் வூடு, மேல் ரூம்புல ஒரு நீல மீனு ஒண்டியா கீதுன்னேன். வெட்டிகினு இருந்த கை அப்டியே நின்னுச்சு. அது இன்னும் உசுரோட கீதான்னு கேட்டாரு. சின்னம்மா கண்ணு மாதிரி பாத்துக்கினு கீறாங்கன்னேன்."

"அப்புறம்?" என்றாள் பங்கஜம்.

"ஒண்ணும் சொல்லல. தகரத் துண்டு ஒண்ண எட்த்தாரு, என்னமோ டொக்கு டொக்குன்னு வெட்னாரு, செடிய வச்சு நூலு சுத்தி பாட்டில்ல போட்டாரு. ரெண்டு மீனையும் ஒண்ணா வுடாதேன்னு சொல்ல வந்தாரு. அப்பால அவரே, வேணாம், அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்னுட்டாரு." செண்பகம் தம்ளரைக் கவிழ்த்தாள். "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

பங்கஜம் அங்கேயே உட்கார்ந்து நூலைப் பிரித்தாள். ஈர நூல், லேசில் வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். ஜவுக்கு முன்னால் க. அதற்கு முன்னால் ங், தலையில் வட்டத்தோடு. அம்புஜத்தில் ங் கிடையாது.

பங்கஜம். இன்றைக்கு வெட்டிய எழுத்து, விளிம்பு இன்னும் விரலில் சுரசுரத்தது.

சந்தோஷம்தான் முதலில் வரும் என்று யாரும் நினைப்பார்கள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பம்பாயில் இருக்கிறான் என்ற பொய்யிலாவது ஒரு தூரம் இருந்தது. எங்கேயோ கண்காணாத இடத்தில், வர வழியில்லாமல் இருக்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். சைதாப்பேட்டை. மாம்பலத்துக்கு அடுத்த ஸ்டேஷன். தினமும் படுக்கையிலிருந்து கேட்கிற அதே ரயில், ஊதி முடிப்பதற்குள் போய்ச் சேருகிற ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு மீன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறான். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

அண்ணன் கை பட்ட கன்னத்தோடு இந்த வாசற்படி ஏற அவனுக்குக் கூசியிருக்கும். அதுவும் அவளுக்குப் புரிந்தது. கேட்க வாய் வராதவன்தான் பெயரை வெட்டியிருக்கிறான் என்பதும் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

"பங்கஜம், தட்டைக் கொண்டா" என்று கூடத்திலிருந்து இசக்கியம்மாள் கூப்பிட்டாள்.

அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மல்லிகைச் சரம் எடுத்து வைத்தாள். அந்தத் தட்டிலும் அவள் பெயர்தான்.

கூடத்தில் தேவானையும் கணவரும் கிளம்ப எழுந்து நின்றார்கள். சண்முகவேல் கையில் காப்பித் தம்ளர். வெள்ளைச்சாமி கதவோரம். பங்கஜம் தட்டை நீட்டியதும் இசக்கியம்மாளின் பார்வை அதில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"சாவி எங்கட்டி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இடுப்புல இருக்கு அத்தை."

"எடுத்து வையி."

"வைக்க முடியாது." பங்கஜத்தின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ரூமுக்காரவிய வந்துட்டாவ."

சண்முகவேல் தம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு, உங்க வீட்டுக்காரரா?" தேவானை ஆவலாக முன்னால் வந்தாள். "பம்பாயில இருந்தா? எப்ப வந்தாவ? நாங்க பாக்கவே இல்லையே."

பங்கஜம் மூடியிருந்த கையைத் திறந்து, சாவி இருக்க வேண்டிய இடத்தில் அந்த எவர்சில்வர் துண்டை வைத்தாள்.

இசக்கியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வட்டத்தைத் தெரியும். மகன் முதன்முதலாகப் பெயர் வெட்டிய தம்ளரில் தினமும் காப்பி குடிக்கிறவள். ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டாள், மறுபடி தொட்டாள். சம்பந்தக்காரர்கள் நிற்பது மறந்துவிட்டது. தானே கட்டிக் காத்த பம்பாயும் மறந்துவிட்டது.

"எம்புள்ள எங்கட்டி இருக்கான்?"

தேவானை நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தாள்.

பங்கஜம் மாமியாருக்குத்தான் பதில் சொன்னாள். ஆனால் பார்த்தது சண்முகவேலின் முகத்தை.

"சைதாப்பேட்டை வரைக்கும் வந்துட்டாவ அத்தை. இன்னும் ஒரு ஸ்டேஷன்தான்."